கோபித்துக்கொண்டு போன ரேடியோ

கே.கே. நகரில் முத்துக்குமரன் வீட்டிலிருந்த வெயில் ரேடியோ, ஐப்பசி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் வீட்டாருடன் கோபித்துக்கொண்டு பேருந்து ஏறிப் பேரையூருக்குப் போய்விட்டது. திருமங்கலம் வழியாகப் போகும் வண்டி, ஜன்னலோர இருக்கை. டிக்கெட் எடுக்கவில்லை என்று பிறகு சிலர் குறை சொன்னார்கள். அதற்கு முழு டிக்கெட் கிழிப்பதா, அரை டிக்கெட் கிழிப்பதா, லக்கேஜ் போடுவதா என்று தெரியாமல் விழித்தவர் நடத்துனர்தான், ரேடியோ மேல் தப்பில்லை. அது எப்படி நடந்து போயிருக்கும் என்று கேட்கிறவர்களும் உண்டு. தெருமுனையில் இட்லிக்கடை போட்டிருக்கும் அம்மா தன் கண்ணால் பார்த்தார். கைப்பிடியை விறைப்பாக நிமிர்த்திக்கொண்டு, யாரிடமும் ஒரு வார்த்தை பேசாமல், திரும்பிப் பார்க்காமல் போனதாம். "மொகமே சரியில்ல" என்றார். ரேடியோவுக்கு ஏது முகம் என்று யாரும் கேட்கவில்லை. கோபத்துக்குக் காரணம் தெருவுக்கே தெரிந்திருந்தது.

முத்துக்குமரன் ஒரு கிளினிக்கில் எக்ஸ்ரே எடுக்கிறவன். அவன் மனைவி பாண்டிமீனா பேரையூர்ப் பக்கம் பிறந்தவள், கூடப் பிறந்தவர் யாருமில்லை. அவளுடைய அப்பா கருப்புக்குக் கொஞ்சம் கரிசல் காடும் சில ஆடுகளும் உண்டு. மகள் கல்லூரி விடுதிக்குப் போனதும் வீடு வெறிச்சென்று கிடக்கிறதே என்று அவர் ஒரு டிஜிட்டல் ரேடியோ வாங்கினார். டிபன் பாக்ஸ் அளவு. தலையில் கறுப்புத் தகடு, முன்பக்கம் எண்கள் ஒளிரும் சின்னத் திரை, திரையின் ஓரத்தில் சார்ஜ் எவ்வளவு இருக்கிறது என்று காட்டும் கட்டங்கள். கரண்டு வேண்டாம், வெயிலில் வைத்தால் போதும். பேரையூரில் வெயிலுக்கா பஞ்சம். முற்றத்தில் கிடந்து, வஞ்சனையில்லாமல் சாப்பிட்டு, இரண்டே வருஷத்தில் ரேடியோ ஊர்ப்பேச்சுக்கு வந்துவிட்டது. மற்ற ரேடியோக்கள் எல்லாம் திருத்தமான தமிழில் வானிலை அறிக்கை வாசிக்கும் நேரத்தில் இது மட்டும், "கடல்ல என்னமோ தாழ்வுநெலையாம்க்கா, துணிய உள்ள எடுத்துப் போடு" என்று சொல்லும். தக்காளி விலை சொன்னால் வாங்கலாமா வேண்டாமா என்பதையும் சேர்த்துச் சொல்லும். பாண்டிமீனாவுக்குக் கல்யாணமானபோது பீரோ, கட்டில், கிரைண்டரோடு அதையும் வண்டியில் ஏற்றிவிட்டார் கருப்பு. "ஒரே முத்தத்து வெயில்ல வளந்ததுக ரெண்டும், கூடவே இருக்கட்டும்" என்றார். அன்றிலிருந்து அது அவளுக்குத் தம்பி.

கே.கே. நகர் வெயில் அதற்கு ஒட்டவேயில்லை. இரண்டு பக்கமும் மாடி வீடுகள், மேலே தண்ணீர்த் தொட்டிகள், இவற்றின் இடுக்கில் வடிகட்டி இறங்குகிற வெயில். சப்பென்று இருக்கிறது என்று ஓயாமல் முனகியது. முனகலை இரைச்சல் என்று நினைத்த முத்துக்குமரன், ஒரு முறை அதை டிவி ரிப்பேர் கடைக்குக் கொண்டுபோனான். கடைக்காரர் திறந்து பார்த்தார். உள்ளே எல்லாம் சரியாக இருந்தது, ஒரு கைப்பிடி கரிசல் மண் மட்டும் கிடந்தது. "ஊர் மண்ணுண்ணே, இதுல நாம கை வைக்கப்படாது" என்று மூடிக் கொடுத்துவிட்டார். அதன் பிறகு முத்துக்குமரனும் பழகிக்கொண்டான். அது அவனை மச்சான் என்றது, அவன் அதை மாப்ள என்றான். காலையில் அவன் சவரம் செய்யும்போது இருவரும் கிரிக்கெட் பேசுவார்கள். எந்த ஆட்டத்தில் யார் ஜெயிப்பார்கள் என்பதில் இரண்டு பேருமே ஒருநாளும் சரியாகச் சொன்னதில்லை.

முத்துக்குமரனின் அக்கா சீனியம்மாள் இரண்டு தெரு தள்ளிக் குடியிருக்கிறாள். கெட்டவள் என்று சொல்ல முடியாது. உடம்புக்கு முடியவில்லை என்றால் கஞ்சி வைத்துக்கொண்டு முதலில் வந்து நிற்பவள் அவள்தான். ஆனால் கஞ்சியை நீட்டும்போதே, "பாவம், கேக்க நாதியில்லாத புள்ள" என்று ஒரு வார்த்தையையும் சேர்த்து நீட்டுவாள். மற்றபடி சந்தோஷமாக இருந்த பாண்டிமீனாவுக்கு அந்த ஒரு வார்த்தை மட்டும் தொண்டையில் முள்ளாக நிற்கும். பாண்டிமீனாவின் மகள் சுபலட்சுமிக்கு மூன்று வயதானதும் காதுகுத்துப் பேச்சு வந்தது. எங்கள் பக்கத்தில் காது குத்துவதென்றால் குழந்தையைத் தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். மாமன் சீர் கொண்டுவர வேண்டும், மேளத்தோடு வர வேண்டும், வந்து கொஞ்சம் அலட்டவும் வேண்டும். அன்றைக்கு மடி கொடுத்தவன்தான் அந்தப் பெண்ணின் சடங்குக்கும் கல்யாணத்துக்கும் முன்னால் நிற்பான். பாண்டிமீனாவுக்குத்தான் அண்ணன் தம்பி இல்லையே என்று சீனியம்மாள் தானாகவே ஓர் ஏற்பாடு செய்தாள். தன் கொழுந்தன் அழகுமலையைத் தாய்மாமனாக நிறுத்தினாள்.

பாண்டிமீனாவுக்கு வாய்வரை வந்தது. எனக்குத் தம்பி இருக்கிறான் என்று சொல்ல வேண்டும். சொன்னால் சிரிப்பார்கள் என்று விழுங்கிவிட்டாள். அது ஒரு தப்பு. இன்னொரு தப்பு அதைவிடப் பெரியது. ஊரெல்லாம் தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு வைத்து அழைத்தவள், ரேடியோவுக்கு வைக்கவில்லை. நம் வீட்டுப் பிள்ளைக்கு எதற்கு அழைப்பு என்று நினைத்தாள். நம் ஜனங்கள் எல்லாரும் செய்கிற தப்புதான் இது, எல்லாச் சண்டையும் இங்கேதான் ஆரம்பிக்கிறது. அந்தச் செவ்வாய்க்கிழமை எதிர்ச்சுவரில் பிளக்ஸ் கட்டினார்கள். கூலிங் கிளாஸ் போட்ட அழகுமலை இரண்டு ஆள் உயரத்துக்குக் கைகூப்பி நிற்க, அவன் தலைக்கு மேல் 'தாய்மாமன்' என்று எழுதியிருந்தது. மாடிக் கைப்பிடிச் சுவரில் வெயில் காய்ந்துகொண்டிருந்த ரேடியோவுக்கு நேர் எதிரே அது இருந்தது. சிறிது நேரத்தில் சுவர் மட்டும்தான் அங்கே இருந்தது.

காதுகுத்து குறித்த நாளில் நடக்கத்தான் செய்தது, அதாவது நடத்திப் பார்த்தார்கள். அழகர்கோவிலில் மொட்டை போட்டு, சந்தனம் பூசி, குழந்தையை அழகுமலை மடியில் உட்கார வைத்தார்கள். ஆசாரி ஊசியை வைத்து அழுத்தினார். ஊசி வளைந்தது. வேறு ஊசி எடுத்தார், அதுவும் வளைந்தது. குழந்தை வலிக்கவில்லை என்றதோடு கூச்சமாக இருக்கிறது என்று சிரிக்க வேறு செய்தது. ஆசாரிக்குத்தான் கைப்பழக்கம் போதாது என்று சீனியம்மாள் பக்கத்துக் கூட்டத்து ஆசாரியை இழுத்துவந்தாள். அவர் ஊசியை வளைத்துக்கொள்ள விரும்பாமல் காதை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு எழுந்துவிட்டார். "மடி மாறிக் கெடக்கு. மாமன் மடியில வச்சாத்தேன் காது எளகும்" என்றார். சமைத்த கறியை வீணாக்க முடியாது என்பதால் எல்லோரும் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினார்கள். அழகுமலைக்கு வெட்கத்தில் கறி இறங்கவில்லை, துவரம்பருப்புக் குழம்பு மட்டும் இறங்கியது. மொட்டைத் தலையும் முழுக் காதுமாக சுபலட்சுமி வீடு வந்து சேர்ந்தாள்.

மறுநாள் பாண்டிமீனா யாரிடமும் கேட்காமல் தாம்பாளத்தில் வெற்றிலை, பாக்கு, பழம், ஒரு புதுத் துண்டு வைத்துக்கொண்டு புறப்பட்டாள். முத்துக்குமரன் லீவு போட்டுவிட்டுக் கூடப் போனான். பேரையூரில் கருப்பு வாசலிலேயே நின்றார்.

"நான் என்னத்தச் சொல்ல, ஆத்தா. வந்ததுலருந்து ஒரு வாய் வெயில் எடுக்க மாட்டேங்குறான். கட்டிலுக்கு அடியில நெழலுக்குள்ளயே கெடக்கான்."

ரேடியோ கட்டிலுக்கடியில் சுவரைப் பார்த்துத் திரும்பியிருந்தது. பேட்டரி மூடிதான் தெரிந்தது. திரையில் மிஞ்சிய ஒரே ஒரு கட்டத்தின் வெளிச்சம் சுவரில் பட்டு விட்டுவிட்டுத் துடித்தது. பாண்டிமீனா தாம்பாளத்தைத் தரையில் வைத்துக் குனிந்து உட்கார்ந்தாள்.

"தம்பி, வெத்தல வைக்காதது என் தப்புத்தேன். நாலு பேருக்கு முன்னாடி ஒன்னைய எந்தம்பின்னு சொல்லாதது அதைவிடப் பெரிய தப்பு. ஒவ்வொருத்திக்கும் அண்ணேன் தம்பின்னு எம்புட்டுப் பேரு இருக்காக. எனக்கு நீ ஒருத்தன். நீயும் மூஞ்சியத் திருப்பிக்கிட்டா நான் யாருகிட்டடா போயி நிப்பேன்?"

சொல்லிவிட்டு அழுதாள். இத்தனை வருஷமாக சீனியம்மாளின் கஞ்சிக்கு அழாமல் வைத்திருந்ததையும் சேர்த்து அழுதாள். கருப்பு மேலே கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். கட்டிலுக்கடியிலிருந்து கொஞ்ச நேரம் இரைச்சல் மட்டும் கேட்டது. பிறகு மெல்லிய குரல் வந்தது.

"மச்சான் கூப்ட்டாரா?"

முத்துக்குமரன் பேண்டு முட்டியில் மண் படுவதைப் பார்க்காமல் மண்டியிட்டு உள்ளே தலையை நீட்டினான். "வா மாப்ள. தப்பா எடுத்துக்காத."

"வாரேன். ஆனா வெறுங்கையோட வரமாட்டேன். நாளக் குறிங்க."

ரேடியோவிடம் என்ன இருக்கும் சீர் கொண்டுவர? அது சம்பாதித்ததெல்லாம் வெயில் ஒன்றுதான். அன்றிலிருந்து விடிந்தது முதல் பொழுது சாயும்வரை முற்றத்தில் கிடந்தது, ஆனால் கட்டங்கள் ஏறவேயில்லை. உயிர் கிடக்க வேண்டிய அளவு மட்டும் சாப்பிட்டுவிட்டு, மீதியை எல்லாம் கருப்பு கொண்டுவந்து வைக்கிற எவர்சில்வர் தட்டுகளில் இறக்கிவைத்தது. தட்டு நிறைந்ததும் கருப்பு சிந்தாமல் துண்டு போட்டு மூடிவிடுவார். அந்த நாட்களில் பேரையூரில் உச்சிப்பொழுதுகூடக் குளுகுளுவென்று இருந்தது, யாரும் புகார் சொல்லவில்லை. ஆடுகள்தான் நேரம் தெரியாமல் கொஞ்சம் குழம்பின.

இரண்டாவது தடவை குறித்த நாளில் அழகர்கோவிலில் பிடி பிடியென்று மழை. மலையே தெரியவில்லை. மரத்தடியில் பந்தல் ஒழுகியது, அடுப்பு புகைந்தது, ஆசாரி ஊசிப்பெட்டியைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு குந்தியிருந்தார். மழையில் வெயில் ரேடியோ எப்படி வரும் என்று சீனியம்மாள் வாய்விட்டே கேட்டாள். பாண்டிமீனா ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கொஞ்ச நேரத்தில் மேளச் சத்தம் கேட்டது. பேரையூர் ஜனங்கள் வேனிலிருந்து இறங்கி வரிசையாக வந்தார்கள், ஒவ்வொருவர் தலையிலும் ஒரு தட்டு. மூடிய துண்டுகளின் ஓரத்தில் மத்தியான வெயில் பளீரென்று கசிந்தது. அவர்கள் வந்த வழியில் மட்டும் மழை இல்லை. கோவில் குரங்குகள் எல்லாம் மரத்திலிருந்து இறங்கி, முதுகைக் காட்டிக் காய்ந்துகொண்டே வரிசையோடு கூட வந்தன. அழகுமலை வெட்கத்தை விட்டு வந்திருந்தான், கண் கூசியதும் கூலிங் கிளாஸை மாட்டிக்கொண்டான். அது அவனுக்குப் பயன்பட்டது அன்றைக்குத்தான். எல்லோருக்கும் முன்னால், சாமந்தி மாலை போட்டுக்கொண்டு, புதுத் துண்டைக் கைப்பிடியில் கட்டிக்கொண்டு ரேடியோ வந்தது. திரையில் ஒரே ஒரு கட்டம்.

டிபன் பாக்ஸ் அளவு சாமானுக்கு மடி ஏது என்று கேட்க ஆள் இல்லாமல் இல்லை. குழந்தையை உட்கார வைத்தார்கள், தாராளமாக இடம் இருந்தது. இதற்குமேல் விளக்கத் தெரியவில்லை. ஆசாரி ஊசியை வைத்தார், பூக் கோத்த மாதிரி இறங்கியது. அடுத்த காதுக்கும் அப்படியே. சுபலட்சுமி முறைப்படி ஒரு மூச்சு அழுதாள். "அழுகாத தங்கம்" என்றது ரேடியோ, சொன்னதோடு கட்டம் அணைந்து, குரல் அடங்கிப்போனது.

தலைக்கு மேல் முழு இருட்டு, எதிரே வரிசையாக வெயில். ஆனால் கொண்டுவந்த சீரைக் கொண்டுவந்தவனே எடுத்துச் சாப்பிட முடியாது. அப்படிச் செய்தால் சீரே செல்லாது. பாண்டிமீனா ரேடியோவை மார்போடு அணைத்துக்கொண்டு யார் முகத்தைப் பார்ப்பது என்று தெரியாமல் நின்றாள். கருப்புக்கும் வழி தெரியவில்லை. பேரையூர் ஜனங்கள் முறையை மீற மாட்டார்கள், அதற்காக ஒருவர் உயிர் போனாலும் சரி.

சீனியம்மாள் முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டு எழுந்தாள்.

"என்ன எல்லாரும் மரம் மாதிரி நிக்கிறீக? சீரு வாங்குறது ஒரு பக்கம். வந்த மாமனுக்கு வயிறாற விருந்து வைக்க வேணாமா? எங்க வீட்டுக்குச் சேந்த சீரு, எடுத்துப் பரிமாற எனக்கு உரிமை இருக்கு. பாண்டிமீனா, தம்பிய மணையில உக்கார வையி. எலையப் போடு."

அவளே ஒரு தட்டைத் திறந்து, ரேடியோவின் கறுப்புத் தகட்டின் மேல் வெயிலை நிதானமாகப் பரிமாறினாள். போதும் போதும் என்று சொல்ல ஆள் இல்லாததால் இரண்டாவது தட்டையும் வைத்தாள். ஒரு கட்டம் வந்தது, பிறகு இன்னொன்று. எல்லோரும் திரையை நோக்கிக் குனிந்தார்கள். ரேடியோ தொண்டையைச் செருமியது.

"சாப்பாடு பரவால்ல. வரவேற்புத்தேன் கொஞ்சம் பத்தாது."

சீனியம்மாளுக்கு முகம் மலர்ந்துவிட்டது. விருந்தில் குறை சொல்லாத தாய்மாமனை அவள் பார்த்ததில்லை. "சந்தேகமே இல்ல, இது ஒந்தம்பியேதேன்" என்று பாண்டிமீனாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். நாதியில்லாதவள் என்ற வார்த்தை அதன் பிறகு அவள் வாயிலிருந்து வரவில்லை. மீதித் தட்டுகளை வீட்டுக்குக் கொண்டுபோய், அந்த ஐப்பசி கார்த்திகை முழுக்கத் துணி காயப்போட்டார்கள்.

இப்போது முத்துக்குமரன் வீட்டில் குரலை உயர்த்துவதற்கு முன் திரையில் எத்தனை கட்டம் இருக்கிறது என்று ஒரு பார்வை பார்த்துக்கொள்கிறான். மச்சினன் இருக்கும் வீட்டில் எந்த மனுஷனும் அப்படித்தான் இருப்பான் என்று தெருவில் அவனை யாரும் கேலி செய்வதில்லை. அடைமழை பிடித்துக் கட்டங்கள் எல்லாம் அணைந்துபோகிற நாட்களிலும் பாண்டிமீனா கலங்குவதில்லை. "தம்பி தூங்குது" என்கிறாள், அவ்வளவுதான். முத்துக்குமரன் எழுந்துபோய் டிவி சத்தத்தைக் குறைத்துவிட்டு வருகிறான்.