அண்ணனுக்குத் தனி இட்லி

பெயர்தான் பாப்பா, வயது நாற்பத்தைந்து. புந்தோங் வட்டாரத்தில் கோயில் கூழ் ஊற்றுவதென்றாலும் சரி, அடுத்த வீட்டுச் சண்டையை விலக்குவதென்றாலும் சரி, அவளைத்தான் கூப்பிடுவார்கள். வேலைக்குச் சளைக்காத கை. ஆனால் வாய் மட்டும் கையைவிட ஒரு அடி முன்னால் போகும். அந்த வாய்தான் எண்பத்து மூன்றாம் வருஷம் அவளை வசமாக மாட்டிவிட்டது.

மகள் மங்களத்துக்கு லூமுட்டிலிருந்து ஒரு வரன் வந்தது. பையனுக்குக் கடற்படையில் வேலை. குடி கிடையாது, சிகரெட் கிடையாது என்று பேச்சுவார்த்தைக்கு வந்த காளியம்மா தலையில் அடித்துச் சத்தியம் செய்தாள். எல்லாம் பேசி முடித்து எழுந்திருக்கும்போது, "ஒங்கண்ணன் என்னா செய்றாருன்னு கேட்டாங்கலா. நான் என்னா சொல்ல?" என்றாள்.

"தோட்டத்து ஆபீசுல இருக்காரு. கிராணி மாதிரி."

எந்தச் சனியன் நாக்கில் உட்கார்ந்து அதைச் சொல்ல வைத்ததோ தெரியவில்லை. அந்த 'மாதிரி'யைக் காளியம்மா பஸ்ஸிலேயே விட்டுவிட்டாள். லூமுட் போய்ச் சேரும்போது அண்ணன் பிச்சைமுத்து, ஆபீசில் கணக்கெழுதும் முழுக் கிராணி ஆகியிருந்தார்.

பிச்சைமுத்து செமோர் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிப் பால் எடுக்கிறவர். விரல் நகங்களில் கறுப்பு ஏறிப்போய் எந்தச் சவர்க்காரத்துக்கும் போகாது. கையெழுத்து வராது, பெருவிரல்தான். அப்பா செத்த பிறகு பாப்பாவுக்கு மாப்பிள்ளை தேடி இதே புந்தோங்குக்கு நடையாய் நடந்து, கார்த்திகேசு வீட்டு வாசலில் நின்று பேசி முடித்தவர் அவர்தான். அப்போது அவர் கையை யாரும் பார்க்கவில்லை. பாப்பாவும் பார்க்கவில்லை.

சரி, கூப்பிடாமல் விட்டுவிடலாம் என்றால் அதற்கும் வழியில்லை. அவர்கள் வழக்கப்படி நிச்சயத்தன்று பந்தியில் முதல் இலை தாய்மாமனுக்கு. தட்டு மாற்றுகிறதும் அவர்தான். தாய்மாமன் இல்லாத நிச்சயம் என்றால் ஊர் சிரிக்கும். வந்து உட்கார்ந்தாலோ, மனுஷன் சும்மா இருக்கமாட்டார். வெட்டு, பால், மழை, வேலை வாங்கும் தண்டல் ஏசியது என்று வெள்ளந்தியாகப் பேச ஆரம்பித்துவிடுவார். பொய் சொன்ன வீடு என்று வந்தவர்கள் எழுந்து போய்விட்டால் மங்களத்தின் கதி என்ன? பாப்பாவுக்கு இரண்டு நாளாகச் சோறு இறங்கவில்லை.

வழி பக்கத்து வீட்டிலிருந்து வந்தது. நஸீரா வேலிக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு, தன் வீட்டுக்காரர் ஜைனுலாப்தீனுக்கு இனிப்புநீர் என்கிற சக்கரை வியாதி ஏறிப்போனதையும், தான் இப்போதெல்லாம் அவருக்கு ஓட்ஸில் இட்லி அவித்துக் கொடுப்பதையும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"ஓட்ஸ்லயா? அது ஆஸ்பத்திரியில கஞ்சி காச்சுறதுல்ல?"

"அட, கேளுங்கக்கா. ஓட்ஸ வெறும் குவாலிச் சட்டியில வறுத்துப் பிளெண்டர்ல ஒரு சுத்து. கொஞ்சம் வறுத்த ரவ, தயிரு, உப்பு. கேரட்டத் துருவிப் போட்டுக் கடுகு தாளிச்சுக் கொட்டுங்க. செத்த நேரம் ஊறட்டும். கடைசியில சோடா மாவு ஒரு சிட்டிக போட்டு ஒடனே தட்டுல ஊத்தி அடுப்புல ஏத்திரணும். அரிசி உளுந்து ஊற வைக்க வேணாம், ஆட்ட வேணாம், பொங்குதான்னு பாக்க வேணாம். நீங்க குளிச்சிட்டு வர்றதுக்குள்ள வெந்துரும்."

பிச்சைமுத்துவுக்கும் இனிப்புநீர் இருந்தது. தோட்டத்து ஆஸ்பத்திரி டிரஸ்ஸர் சொல்லி ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. இதுநாள்வரை பாப்பா அதைக் கேட்டு 'உச்' கொட்டியதோடு சரி. இப்போது திடீரென்று அண்ணன் உடம்பின்மேல் அவளுக்கு அக்கறை பொத்துக்கொண்டு வந்தது.

"அண்ணனுக்குத் தனிச் சாப்பாடு. அதனால உள்ளயே ஒக்காந்து சாப்பிடட்டும். தட்டு மாத்தும்போது மட்டும் கூப்பிட்டுக்கலாம்" என்று புருஷனிடம் சொன்னாள்.

கார்த்திகேசு அவளையே பார்த்தார். "முதல் எல?"

"நீங்க ஒக்காருங்க. சீக்காளிய எலயில ஒக்கார வச்சு ஆசகாட்டச் சொல்றீங்களா?"

அவர் பேப்பரை எடுத்து முகத்தை மறைத்துக்கொண்டார்.

நிச்சயத்தன்று விடிந்தது. வந்தவர்களுக்கு முதல் நாளே அரிசியும் உளுந்தும் ஊறவைத்து ஆட்டி, பொங்கியிருந்த மாவில் பூப்போல இட்லி. கூடவே கேசரி, வடை, இரண்டு சட்னி. அண்ணனுக்கு, நஸீரா சொன்ன கணக்கில் பழுப்பாக ஒரு ஈடு. சும்மா சொல்லக்கூடாது, மணமாகத்தான் இருந்தது. பிச்சைமுத்து பின்வாசல் வழியாகத்தான் வந்தார். சலவைச் சட்டை, நெற்றியில் திருநீறு. கூடத்துக்குப் போகத் திரும்பியவரைப் பாப்பா கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"அண்ணே, ஒங்களுக்குன்னு தனியா செஞ்சிருக்கேன். சக்கரைக்கு நல்லதாம். இங்கயே சூடா சாப்பிடுங்க."

"எனக்குன்னா?" அவர் முகம் மலர்ந்துவிட்டது. அடுப்புக்குப் பக்கத்தில், அரிசி மூட்டையை ஒட்டித் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். ஒரு விள்ளல் வாயில் போட்டு, "என்னா பாப்பா இது, நல்லாருக்கே! முத்தம்மாவுக்கும் சொல்லிக் குடேன், அவளும் செஞ்சு தருவா" என்றார். முத்தம்மா அவர் மனைவி. பாப்பா தலையைத் தூக்காமல் சட்னி ஊற்றினாள்.

கூடத்தில் பந்தி போட்டாயிற்று. மாப்பிள்ளையின் அப்பா ராமையா இலைக்கு முன்னால் உட்கார்ந்தவர் சுற்றிலும் பார்த்தார். பெரிய உடம்பு, பெரிய குரல்.

"தாய்மாமன் எங்க? அவரு கை வைக்காம நாங்க எப்படிச் சாப்பிடுறது?"

"அவருக்கு இனிப்புநீர்ங்க. தனிச் சாப்பாடு. ஓட்ஸ்ல இட்லி. உள்ள ஒக்காந்திருக்காரு" என்றாள் பாப்பா. பத்து தடவை சொல்லிப் பார்த்து வைத்திருந்த பதில்.

"அட! எனக்கும் அதே சீக்குதான் தங்கச்சி. கண்டதத் திங்காதன்னு டாக்டர் ஏசிக்கிட்டே இருக்காரு. எனக்கும் ரெண்டு வைங்க, நான் அவருகூடவே ஒக்காந்துக்கிறேன்." சொல்லிக்கொண்டே எழுந்து வேட்டியை மடித்துக் கட்டி சமையல்கட்டுக்குள் நுழைந்துவிட்டார். பாப்பா பின்னாலேயே ஓடினாள்.

பிச்சைமுத்து பதறி எழுந்திருக்கப் பார்த்தார். ராமையா அவர் தோளை அழுத்தி உட்காரவைத்து, தானும் அரிசி மூட்டையில் சாய்ந்து உட்கார்ந்தார். ஓட்ஸ் இட்லியைப் பிய்த்து வாயில் போட்டார். "ம்!" என்றார். இன்னொன்று கேட்டார். அப்புறம் கேட்டேவிட்டார்.

"தோட்டத்துல கிராணின்னாங்க. எந்த ஆபீசுலண்ணே?"

பிச்சைமுத்துவுக்கு விளங்கவில்லை. "கிராணியா?" என்று சிரிக்க ஆரம்பித்தவர், நிமிர்ந்து தங்கச்சியைப் பார்த்தார். கரண்டி பிடித்திருந்த அவள் கை காலிச் சட்னிப் பாத்திரத்தைத் துழாவிக்கொண்டிருந்தது. அவர் அந்தக் கையைப் பார்த்தார். தான் உட்கார்ந்திருந்த தரையைப் பார்த்தார். கூடத்துப் பந்திப் பக்கம் ஒருமுறை பார்த்தார். சிரிப்பு போய்விட்டது.

"ஆமாங்க. ஆபீசுலதான்" என்றார். இடது கையை மெல்லத் தொடைக்கு அடியில் சொருகிக்கொண்டார்.

பாப்பாவுக்கு அப்படியே அடுப்புக்குள் புகுந்துவிடலாம் போலிருந்தது. காதெல்லாம் எரிந்தது. அண்ணன் பொய் சொல்லி அவள் கேட்டதே இல்லை. சின்ன வயதில் அவள் உடைத்த பானைக்குக்கூட அடி வாங்கினாரே தவிர, பூனை தள்ளிவிட்டது என்று சொல்லத் தெரியாத மனுஷன்.

ராமையா விடவில்லை. "நல்லதா போச்சு. எங்கப்பா மரம் வெட்டுனவரு. நானும் பதினஞ்சு வயசுவரைக்கும் பால் வாளி தூக்குனவன்தான். கிராணி வீட்டுச் சம்பந்தம்னதும் எனக்கு ராத்திரியெல்லாம் தூக்கம் இல்லலா. நம்மள மதிப்பாங்களா, பக்கத்துல ஒக்கார வைப்பாங்களான்னு ஒரே ரோசன. இங்க வந்து பாத்தா நீங்க தரையில ஒக்காந்து சாப்பிடுறீங்க!" என்று தொடையைத் தட்டிச் சிரித்தார்.

பிச்சைமுத்துவும் சிரிக்கவேண்டியிருந்தது. எதிரே ஒரு வெட்டுக்காரன் மகன் உட்கார்ந்திருக்க, எந்த மரம், எந்த வெட்டு என்று ஒரு வார்த்தை பேசமுடியாமல் கிராணியாக உட்கார்ந்திருந்தார். ராமையா எப்போதாவது தோட்டத்தைப் பற்றிக் கேட்டால், "ம்", "ஆமாங்க" என்றார். அதற்குமேல் ஒரு கிராணி என்ன பேசுவான் என்று அவருக்குத் தெரியாது.

பேச்சை மாற்றத்தான் போலிருக்கிறது, அவர் தட்டைக் காட்டி, "எந்தங்கச்சி விடியறதுக்கு முந்தி எந்திரிச்சு எனக்குன்னு தனியா செஞ்சிருக்குங்க. அவ்ளோ வேலையிலயும் என்னை மறக்கல" என்றார்.

ராமையா பாப்பாவை நிமிர்ந்து பார்த்தார். கண் கலங்கியிருந்தது. கூடத்தைப் பார்த்துக் குரல் கொடுத்தார். "ஏம்மா மங்களம்! ஒங்கம்மா ஒங்க மாமனப் பாத்துக்கிறாங்களே, அதுல பாதி நீ எங்களப் பாத்துக்கிட்டாப் போதும். இந்த வீட்டுலதான் பொண்ணு எடுக்கணும்!"

கூடத்தில் எல்லோரும் சிரித்தார்கள். காளியம்மா கைகூடத் தட்டினாள். கார்த்திகேசு மட்டும் இலையைப் பார்த்துக் குனிந்துகொண்டார். குளித்துவிட்டு வருவதற்குள் வெந்த இட்லி அது. அந்த இட்லிக்காக ஒரு வீடே தன்னைப் புகழ்கிறதே என்று பாப்பாவுக்கு உடம்பு கூசியது. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். ஆனந்தக் கண்ணீர் என்று நினைத்துக்கொண்டார்கள்.

தட்டு மாற்றும்போது பிச்சைமுத்து வந்து நின்றார். பத்து விரலும் தட்டுக்கு அடியில் போகும்படி பிடித்து நீட்டினார். ஒரு நகம்கூட வெளியே தெரியவில்லை. நிச்சயம் முடிந்தது.

மற்றவர்கள் காப்பி குடிக்க உட்கார்ந்தபோது அவர் பின்வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார். பாப்பா ஓடிப்போய் நின்றாள். ஏசுவார், ஏசட்டும், கன்னத்தில் ஒன்று விட்டாலும் வாங்கிக்கொள்ளலாம் என்றுதான் நின்றாள். அவர் ஏசவில்லை.

"மங்களம் நல்லாருக்கும் பாப்பா. நல்ல மனுசங்க" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "கல்யாணத்தன்னிக்கும் இதையே ரெண்டு அவிச்சு உள்ளயே வச்சிரு. நான் முன்னால வரல. ஆபீசுல என்னா வேலன்னு யாராச்சும் திருப்பிக் கேட்டா எனக்குச் சொல்லத் தெரியாதுலா."

இல்லண்ணே, முதல் இலை ஒங்களுக்குத்தான் என்று சொல்லவேண்டும். சொன்னால் நேரே கூடத்துக்குப் போய், இவர் மரம் வெட்டுகிறவர், நான்தான் புளுகினேன் என்று ராமையாவிடமும் சொல்லவேண்டும். அதைக் கேட்டு அவர் கோபப்படக்கூட மாட்டார் என்று அவளுக்கு நன்றாகத் தெரிந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் ராமையா அவளுடைய கைப்பக்குவத்தை யாரிடமோ பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"சரிண்ணே" என்றாள் பாப்பா.

பிச்சைமுத்து தலையை ஆட்டிவிட்டு, செமோர் பஸ்ஸைப் பிடிக்கப் பின்சந்து வழியாக நடந்தார்.