இரட்டை அருவிக்குப் போகிற வண்டி

திமிங்கலமா, வெந்நீர் ஊற்றா, இரட்டை அருவியா... எதுவாயிருந்தால் என்ன, நாலரைக்குக் கப்பல் கிளம்பிவிடும், அதற்குள் ஏறியாக வேண்டும், கர்ட்டிஸ் சுற்றுலாப் பட்டியல் தாளை விசிறியாக்கி வீசிக்கொண்டே, "ஏதாவது ஒண்ணச் சொல்லேன் வெர்லின், வெயில்ல வேகுது" என்றான், ரோசோ துறையில் காலை ஒன்பதுக்கே இப்படித்தான் வெயில் மண்டையில் ஏறும், அமெரிக்காவின் ஜார்ஜியாக்காரன், வெயில் பார்த்தவன்தான், ஆனாலும் இது அவனுக்குப் புதிது, மனைவி பிறந்தது இந்த டொமினிக்கா தீவில் என்பதற்கு மேல் எதையும் கேட்காத நல்ல மனுஷன், ஒன்பது வருடமாகக் கேட்கவில்லை, கேட்டிருந்தால் சொல்லியிருப்பாளா? பதினெட்டு வயதில் ஒரு பிள்ளை பெற்றேன், குழந்தையில்லாத அக்கா ஓடெலிடம் கொடுத்தேன், இந்தப் பக்கம் தலைகாட்ட மாட்டேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டு நியூயார்க் போனேன் என்று... சாப்பாட்டு மேசையில் உப்பை நகர்த்துகிற மாதிரியா இதைச் சொல்வது? பதினோரு கப்பல்களின் விளம்பரத் தாள்களை அவன் பரப்பி வைத்தபோது அவள் விரல் தானாக இங்கே வருகிற இந்தக் கப்பலின்மேல் போய் நின்றது, "இதுவா, சரி" என்று சொல்லிவிட்டான், அவ்வளவுதான்.

துறை வாசலருகே வெள்ளை வண்டி, ஓடெல் கடிதத்தில் எழுதியிருந்த அதே இடம், அதன்மேல் சாய்ந்துகொண்டு அட்டையைப் பிடித்திருந்தவன் ஜெர்வே, அவள் கொடுத்துவிட்டுப் போன பிள்ளை, கிறிஸ்துமஸுக்குக் கிறிஸ்துமஸ் வருகிற புகைப்படத்தில் பார்த்த முகம், முன்பற்களுக்கு நடுவே அதே சந்து, முப்பத்திரண்டு வயதுக்குள் லேசாகத் தொந்தி வேறு... "அம்மா, வாங்கம்மா, அருவிக்கு ரெண்டே இடந்தான் பாக்கி, கப்பல்காரன் உங்கள ஆட்டுமந்த மாதிரி கூட்டிட்டுப் போவான், நான் மகாராணி மாதிரி கூட்டிட்டுப் போறேன்" என்றான், அம்மா என்று தன்னையா சொன்னான்? இல்லை, பின்னால் தொப்பியோடு வந்த வெள்ளைக்காரக் கிழவியும் அவனுக்கு அம்மாதான், இந்தத் துறையில் எல்லாரும் அம்மாதான். நெஞ்சு அடைக்கும், கால் துவளும் என்றுதான் மூன்று நாளாகக் கப்பலில் படுத்தபடி காத்திருந்தாள், ஒன்றும் ஆகவில்லை, செருப்புக்குள் மணல் உறுத்தியது, அது மட்டும் தெரிந்தது. மருத்துவமனையில் முப்பத்தோரு வருடம் அடுத்தவர் உடம்பைத் துடைத்துத் துடைத்து இப்படி ஆகிவிட்டேனோ... "திமிங்கலம்னா படகு ஆடும், எனக்கு வயித்தப் பொரட்டும்" என்று கர்ட்டிஸ் முனகினான், அவள் "அருவி" என்றாள், ரொட்டி கேட்கிற குரலில்.

ஓட்டுநருக்குப் பின்னால் உட்கார்ந்தாள், அவன் பிடரி தெரிந்தது, நேற்றுத்தான் முடி வெட்டியிருக்க வேண்டும், கர்ட்டிஸ் வாய் சும்மா இருக்குமா, "தம்பி, என் வீட்டுக்காரி இந்த ஊர்க்காரிதான்!" என்று பெருமையாகப் போட்டு உடைத்தான், கண்ணாடியில் ஜெர்வேயின் கண்கள் அவளைத் தேடின, "அட, நம்ம ஆளா! எந்த ஊரும்மா?" லூபியேர், தேவாலயத்துக்குக் கீழே மூன்றாவது வீடு, நீ தவழ்ந்த வீடுதான்டா... "போர்ட்ஸ்மத்" என்றாள், தீவின் மறுகோடி. "ஓ, வடக்கத்திக்காரங்க! அதான் வாயத் தொறக்க மாட்டேங்கறீங்க" என்று அவன் சிரித்தான், வண்டி முழுக்கச் சிரித்தது, அவளும் உதட்டை விரித்தாள்.

மலையேறும் முதல் வளைவில் அவன் போன் அலறியது, முன்னால் மாட்டியிருந்த அதைத் தட்டினான், "ஜெர்வே! நனைஞ்ச சட்டையோடயா போனே? கொடியில காஞ்சது கெடக்கு, கண்ணு எங்க போச்சு?" ஓடெல், குரல் தடித்திருந்தது, அதிகாரம் மட்டும் அப்படியே... "மாத்திட்டேம்மா, வண்டில ஆளுங்க இருக்காங்கம்மா, மானத்த வாங்காத." "இருந்தா இருக்கட்டும். மீனும் வறுத்த ரொட்டியும் வெச்சேனே, தின்னியா?" "தின்னேன், தின்னேன், வெய்யி போன." வைத்துவிட்டு, "எங்கம்மாவுக்கு நான் இன்னும் மூணு வயசுப் பையன்" என்று பின்பக்கம் திரும்பிச் சொன்னான், பிடரியைச் சொறிந்துகொண்டான், ஆனால் முகத்தில் வெட்கத்தைவிட வேறொன்று அதிகம் இருந்தது, அலுக்க அலுக்கச் சாப்பிட்டவன் முகத்தில் இருக்குமே, அது.

நல்லது, நல்லதுதானே, இதற்குத்தானே கொடுத்தது... பிறகு எதைப் பார்க்க இவ்வளவு தூரம் வந்தாள்? பிள்ளை சௌக்கியமா என்று பார்க்க என்றுதான் நினைத்திருந்தாள், இல்லை போலிருக்கிறதே, அவனிடம் எங்காவது ஒரு குறை, தான் இல்லாததால் வந்த ஒரு குறை சின்னதாகவாவது இருக்கிறதா என்று பார்க்கத்தான் வந்திருக்கிறாள், அது இல்லை, ஓடெல் மிச்சம் வைக்கவே இல்லை. "என்ன யோசன?" என்றான் கர்ட்டிஸ். ஒன்றுமில்லை என்று சொல்ல வாயெடுத்தாள், வண்டி அடுத்த வளைவில் திரும்பியது, முன் இருக்கையின் கம்பியைப் பிடித்துக்கொண்டாள், ஜெர்வேயின் தோளுக்கு நாலு விரல்கடை தள்ளி இருந்தது அவள் கை, அதை எடுக்கவும் தோன்றவில்லை, நகர்த்தவும் தோன்றவில்லை.