பிலிம் போட்ட சான்றிதழ்

வியாழக்கிழமை காலை கடைக்கு வந்த நர்ஸ் ஒருத்தி, தன் பட்டச் சான்றிதழை நகலெடுக்கக் கொடுத்தாள். லேமினேஷன்காரர் வழக்கம்போல் கேட்டார்: "அப்படியே அசலுக்கு ஒரு பிலிம் போட்டுடலாமாம்மா? ஆயுசுக்கும் அழியாது."

"ஐயோ சாமி, தொட்டுடாதீங்க! வெளிநாட்டுக்குப் போறது. பேப்பர் மேலயே முத்திரை குத்துவாங்க. பிலிம் போட்டிருந்தா வாங்கவே மாட்டாங்க."

சான்றிதழை மெஷினில் வைக்கப் போனவர் பாதியில் நின்றார். இரண்டு நாளைக்கு முன்னால்தான் வெளிநாட்டிலிருக்கும் மகனுக்கு அவனுடைய பட்டச் சான்றிதழின் அசலைக் கூரியரில் அனுப்பியிருந்தார். வெள்ளிக்கிழமை நாலு மணிக்குள் அதை அங்குள்ள பதிவு அலுவலகத்தில் காட்டாவிட்டால், அவனுக்குக் கிடைத்த வேலை, காத்திருப்போர் பட்டியலில் அடுத்தவனுக்குப் போய்விடும். அவன் அனுப்பிய குறிப்பில் 'சேதமில்லாமல்' என்றிருந்தது. அந்தச் சொல்லைப் பார்த்ததுமே அவர் கை பிலிமைத் தேடிப் போய்விட்டது. இருப்பதிலேயே தடித்த பிலிம். ஒரு குமிழி இல்லாமல், நாலு மூலையும் வளைத்து வெட்டி, பெற்ற பிள்ளைக்குச் செய்கிற மாதிரியே செய்திருந்தார்.

நகலை அவளிடம் கொடுத்தனுப்பி, கடையைப் பூட்டிவிட்டுக் கூரியர் அலுவலகத்துக்கு ஓடினார். கவுன்டரிலிருந்த பெண் கணினியைப் பார்த்தாள்.

"விமானம் இறங்கியாச்சு சார். நாளைக்குக் காலையில டாண்ணு கையில இருக்கும்."

"நிறுத்த முடியுமாம்மா?"

"இன்னும் வரலைன்னு சண்டை போடத்தான் எல்லாரும் வருவாங்க. ஏன் போய்ச் சேருதுன்னு கேட்டு வந்த மொத ஆள் நீங்கதான்." சிரித்தவள், அவர் முகத்தைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்தினாள். "நிறுத்தினா திரும்பி வரப் பத்து நாளாகும் சார். அதனால உங்களுக்கு என்ன பிரயோஜனம்?"

ஒரு பிரயோஜனமும் இல்லை. பல்கலைக்கழகத்தில் இன்னொரு பிரதி கேட்டால் ஒன்றரை மாதம் ஆகும். அன்று முழுக்க அவர் போனில் பார்சலின் நகர்வையே பார்த்துக்கொண்டிருந்தார். சுங்கம் கடந்தது. கிடங்கு கடந்தது. எங்கும் ஒரு நிமிடம்கூடத் தாமதமில்லை.

மறுநாள் மகனே கூப்பிட்டான்.

"வந்துடுச்சுப்பா! அட, பளபளன்னு பிலிம் வேற போட்டிருக்கீங்க!"

"தம்பி..." என்று தொடங்கி, நர்ஸ் சொன்னதை ஒன்றுவிடாமல் சொல்லி முடித்தார்.

மறுமுனையில் பிலிமின் ஓரத்தை நகத்தால் சுரண்டும் சத்தம் கேட்டது. பிறகு, "பிரிச்சுடலாம்ப்பா. எப்படிப் பிரிக்கணும்னு சொல்லுங்க. உங்களுக்குத் தெரியாததா?"

இருபத்திரண்டு வருஷத்தில் எத்தனையோ பேர் இதே கேள்வியோடு அவரிடம் வந்திருக்கிறார்கள். எல்லோருக்கும் ஒரே பதில்தான் சொல்லியிருக்கிறார்.

"பிரிச்சா எழுத்தும் பிலிமோடயே வந்துடும்டா."

"ஒரு ஓரத்துல மட்டும்? முத்திரை குத்துற அளவுக்கு?"

"கை வைக்காதடா. அப்படியே கொண்டு போய்க் கேட்டுப் பாரு. அவங்களும் மனுஷங்கதானே."

"சரிப்பா. போனை வெச்சுடாதீங்க, பேசிட்டே போறேன்."

ஆனால் அவன் சட்டைப் பையிலிருந்த போன் வழியாகக் காலடிச் சத்தமும், பேருந்துக் கதவின் பெருமூச்சும், யாரோ வரிசை எண்களைக் கூப்பிடுவதும்தான் கேட்டன. மனைவி அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, போனருகே காதைக் கொண்டுவந்தாள்.

"என்னங்க சொல்றாங்க?"

ஒரு பெண் குரல் எதையோ மிக மரியாதையாகச் சொல்லிக்கொண்டிருந்தது. அந்த மொழி அவருக்குப் புரியவில்லை. மகன் குறுக்கிட்டான். மறுபடியும் அதே மரியாதை, அதே நிதானம். அவன் ஒரே வார்த்தையைத் திரும்பத் திரும்பக் கெஞ்சலாகச் சொல்கிறான் என்பது மட்டும் அவருக்குப் புரிந்தது. ஒவ்வொரு தடவையும் அவன் குரல் சின்னதாகிக்கொண்டே வந்தது.