நாற்பத்தாறாம் வளைவு

"அந்தப் பையை யாரும் தொறக்காதீங்க. இன்னும் ஒரு மணி நேரம் ஆவட்டும்" என்றாள் சங்கீதா.

புருஷன் குழந்தைசாமியை ஆம்புலன்ஸிலிருந்து இறக்கி வாசலில் கிடத்திக் கால்மணி நேரம்கூட ஆகவில்லை. பாடைக்கு மூங்கில் வெட்டப் போனவர்கள் திரும்பி வரவில்லை. குழந்தைசாமியின் அக்கா அத்தாயி, தம்பி கடைசியாகத் தொட்ட சாமான் என்று அந்தக் கறுப்புப் பையைத் திறந்து கேமராவை எடுத்துத் தலைமாட்டில் வைக்கப் போனாள். சங்கீதா எழுந்து வந்து பையைப் பிடுங்கிக் கூரைத் தாழ்வாரத்துப் பலகையில் வைத்துவிட்டு மறுபடி போய் உட்கார்ந்துகொண்டாள். பெண்கள் ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கொண்டார்கள். புத்தி பேதலித்துவிட்டது, பாவம் என்று அத்தாயி வாய்விட்டே சொன்னாள்.

பேதலிக்கவில்லை. குளிர்பதன வண்டியில் இரண்டு மணி நேரம் மலையேறி வந்த கேமரா அது. அடுப்புப் புகையும் இத்தனை பேர் மூச்சும் சேர்ந்த இடத்தில் சட்டென்று வெளியே எடுத்தால் லென்ஸுக்கு உள்ளே வேர்க்கும். உள்ளே வேர்த்தால் துடைக்க முடியாது, பூஞ்சை பிடிக்கும். பதினோரு வருஷமாக மழையில் படம் எடுத்துவிட்டு அவன் வரும்போதெல்லாம் அவள்தான் பையை வாங்கி அந்தப் பலகையில் வைப்பாள். ஒரு மணி நேரம் கழித்துப் பழைய வேட்டித் துணியால் ஒற்றி எடுப்பாள். செருப்புப் பெட்டியில் வருகிற சின்னச் சின்ன ஈரம் உறிஞ்சும் பொட்டலங்களைச் சேர்த்து வைத்திருக்கும் டப்பாவுக்குள் கேமராவை வைத்து மூடுவாள். ஆள் செத்துப்போனால் அந்த வேலையெல்லாம் மறந்து போகுமா?

அவள் புத்தி தெளிவாகத்தான் இருந்தது. நேற்றுக் காலையிலிருந்து ஒரே ஒரு சொல் ஊர் முழுக்கச் சுற்றி வந்துகொண்டிருந்தது: கவனக்குறைவு.

நேற்று ஞாயிற்றுக்கிழமை. அடிவாரத்திலிருந்து எழுபது கொண்டை ஊசி வளைவும் ஏறி மலைமேலுள்ள சோளக்காடு ஊர் வரை சைக்கிள் போட்டி. வேண்டுமென்றே மழைக்காலத்தில் வைத்த போட்டி. மழையை வெல்வோம் என்று பேனர் கட்டியிருந்தார்கள். படமெடுக்கக் குழந்தைசாமியைப் போட்டிருந்தார்கள். நாற்பத்தாறாவது வளைவில் நின்றவன் தடுப்புச் சுவரைத் தாண்டி ஐம்பதடி கீழே பாறையில் கிடந்தான். போட்டியை நடத்திய குழுவுக்குத் தலைவர் ஓம்பிரகாஷ், மலைக்குக் கீழே சமவெளியிலிருந்து வந்த கீழ்நாட்டுக்காரர். படம் பிடிக்கிற ஆசையில் மழையென்றும் பாராமல் சுவர்மேல் ஏறி நின்றார், கால் வழுக்கிவிட்டது, அந்த நேரம் நான் சோளக்காட்டில் இருந்தேன், தகவல் கேட்டு ஓடி வந்தேன் என்று போலீஸில் சொன்னார். அதையே எழுதவும் எழுதினார்கள். குடும்பத்துக்கு மூத்தவர் என்று குழந்தைசாமியின் பெரியப்பா காளியண்ணனைக் கூட்டிப் போய்க் கையெழுத்து வாங்கினார்கள். காளியண்ணனுக்குத் தன் பேரை எழுதத் தெரியும். அடுத்தவன் எழுதியதைப் படிக்கத் தெரியாது. என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டதற்கு, சும்மா நடைமுறைக்குத்தான் என்றாராம் ஓம்பிரகாஷ்.

போட்டி நிற்கவில்லை. சோளக்காட்டில் ஒரு நிமிஷம் மௌனமாக நின்றுவிட்டு, குறித்த நேரத்தில் பரிசு கொடுத்திருக்கிறார்கள்.

சுவர்மேல் ஏறி நின்றானாம். யாரு, குழந்தைசாமியா? நினைக்க நினைக்க அவளுக்கு ஆறவில்லை. சேற்றில் கபடி, தூறலில் பள்ளிக்கூட ஓட்டப்பந்தயம், பனியில் கால்பந்து என்று இந்த மலையில் நனைந்து நனைந்து படமெடுத்தவன். ஓரிடத்தில் நிற்பதற்கு முன்னால் செருப்பால் பாசியைச் சுரண்டுவான். பிறகு சாக்கை விரித்து, இரண்டு தரம் மிதித்துப் பார்த்து, காற்றுக்கு முதுகைக் கொடுத்துத்தான் நிற்பான். "கேமரா நனைஞ்சா நானே தொடச்சுக்குவேன். நான் வழுக்குனா தொடைக்க நாலு பேரு வரோணும்" என்று சிரிப்பான். கடையில் விற்கிற மழையுறை பிடிக்காமல், தன் மழைக்கோட்டின் வலது கையை வெட்டிக் கேமராவுக்குச் சட்டையாகப் போட்டிருந்தான். தோள் பக்கம் கேமரா உடம்பு, மணிக்கட்டுப் பக்கம் லென்ஸ் மூக்கு, நுனியில் இரண்டு ரப்பர் வளையம். ஒரு கை இல்லாத கோட்டோடு பாதி நனைந்து வருவான். கேமராமேல் ஒரு சொட்டு இருக்காது.

இப்போது வருகிறவர்களெல்லாம் அதையே பெருமையாகப் பேசினார்கள். விழுந்தபோதும் கேமராவை மார்போடு அணைத்திருந்தானாம், ஆஸ்பத்திரியில் கையைப் பிரித்துத்தான் எடுத்தார்களாம், உயிர் போனாலும் தொழிலை விடவில்லையாம். போன உயிரைப் பற்றி ஒருத்தரும் கேட்கவில்லை.

ஓம்பிரகாஷ் பெரிய மலர்வளையத்தோடு வந்தார். கூட நான்கு பேர், எல்லோரும் கறுப்புச் சட்டை. கண்ணைத் துடைத்துக்கொண்டு சங்கீதா பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, அக்கா என்று கூப்பிட்டார். அவர் நினைவாக ஒரு ஆல்பம் போடப் போகிறோம், கேமராவில் இருக்கும் கார்டை மட்டும் கொடுத்தால் போதும், நாளைக்கே திருப்பித் தருகிறோம் என்று மெல்லிய குரலில் சொன்னார். பொணம் எடுக்கவில்லை, அப்புறம் பார்க்கலாம் என்றாள் அவள். இரண்டாவது தரம் கேட்டபோது முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அந்த நேரம் பார்த்துக் காளியண்ணன் ஒரு வழக்கத்தை எடுத்தார். இவர்கள் குடும்பத்தில், உயரத்திலிருந்து விழுந்து செத்தவன் கையில் எது இருந்ததோ அது அவனோடு குழிக்குப் போக வேண்டும். காளியண்ணனின் தம்பி சில்வர் ஓக் மரத்தில் மிளகு பறிக்கும்போது விழுந்தார். கையில் இருந்த அரிவாளோடுதான் புதைத்தார்கள். வீட்டில் வைத்திருந்தால் அது இன்னொருத்தரை இழுக்கும் என்று பயம். கேமராவையும் அப்படியே வைத்துவிடலாம் என்றார் கிழவர். சங்கீதாவுக்குத் திக்கென்றது. ஈரமே படாமல் பதினோரு வருஷம் காத்த பொருளை ஈர மண்ணில் புதைப்பதா?

அவள் வாயெடுப்பதற்குள் ஓம்பிரகாஷ் எழுந்துவிட்டார்.

"பெரியவர் சொல்றதுதாங்க சரி. உங்க வழக்கத்த நாம மதிக்கணும். தொறக்கக்கூட வேண்டாம், பையோட அப்படியே வெச்சிரலாம். அப்பத்தான் அவரு ஆத்மா சாந்தியடையும்."

அரை மணி நேரத்துக்கு முன்னால் கார்டு வேண்டும் என்று கெஞ்சிய மனுஷன். ஆல்பம் எங்கே போச்சு? மலை ஆளுகளின் வழக்கத்தின் மேல் கீழ்நாட்டுக்காரருக்குத் திடீரென்று இத்தனை பக்தி எப்படி வந்தது? ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதைதான்.

நேற்று ஆஸ்பத்திரியில் நர்ஸ் பிரிசில்லா பையைக் கொடுக்கும்போது சொன்னது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. "போட்டி நடத்துனவரு ரெண்டு தடவ வந்து இதக் கேட்டாரும்மா. வீட்டாளுங்க வராம குடுக்க மாட்டேன்னுட்டேன். பத்திரமா வெச்சுக்கோங்க." அழுகையில் காதில் விழுந்தும் மனசில் விழாமல் போன பேச்சு.

ஒரு மணி நேரமும் ஆகியிருந்தது. சங்கீதா பையை எடுத்துக்கொண்டு சாமை மூட்டைகள் அடுக்கிய உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்தினாள். ரப்பர் வளையத்தைக் கழற்றிக் கோட்டுக் கையை உருவினாள். லென்ஸின் முன்விளிம்பு உடைந்திருந்தது. கண்ணாடி அப்படியே இருந்தது. பொத்தானை அழுத்தியதும் திரை வெளிச்சம் காட்டியது.

முதல் படம், வளைவின் பலகை: நாற்பத்தாறு. படங்களைப் பிரிக்க வசதியாக இருக்கட்டும் என்று எங்கே போனாலும் முதலில் இடத்தின் பேரைத்தான் எடுப்பான். அடுத்தது அவன் காலையே எடுத்தது, வெளிச்சம் சரிபார்க்க. சாக்கு, அதன்மேல் ரப்பர் செருப்பு, சாலையின் வெள்ளைக்கோட்டுக்கு இரண்டடி தள்ளி. சுவர் அவனுக்குப் பின்னால். சுவர்மேல் யாரும் ஏறவில்லை.

பிறகு சைக்கிள்காரர்கள், தலையைக் குனிந்து, தொடையில் சேறு தெறிக்க, ஒருத்தர் பின்னால் ஒருத்தராக. கடைசியில் விரலை எடுக்காமல் தொடர்ந்து எடுத்த பதினொன்று. முதல் இரண்டில் ஒரு பெண் சைக்கிளை மிதித்து வருகிறாள். மூன்றாவதில் அவளுக்குப் பின்னால் குழுவின் வெள்ளை வேன், மஞ்சள் கொடியோடு. நான்கில், வளைவில் யாரும் யாரையும் முந்தக் கூடாது என்று அவர்களே போட்ட சட்டத்தை மீறி, வேன் வெளிப்பக்கமாக ஒடிக்கிறது. ஆறில் வெள்ளைக்கோட்டைத் தாண்டிவிட்டது. வேனின் முன் ஜன்னலில் இடுப்புவரை வெளியே சாய்ந்து, சைக்கிள்காரியை செல்போனில் வீடியோ எடுத்துக்கொண்டிருக்கிறார் ஓம்பிரகாஷ். சிரிக்கிறார். எட்டில் வேன் விளக்கு படம் முழுவதையும் அடைத்திருந்தது. பதினொன்றாவதில் சில்வர் ஓக் உச்சிகளும் மழையும் மட்டும், தலைகீழாக.

அவள் அந்தக் கடைசிப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். வேனுக்கு ஒதுங்கப் பின்னால் அடி வைத்திருக்கிறான். பின்னால் முழங்கால் உயரச் சுவர், அதற்கப்பால் ஒன்றுமில்லை. வேன் அவனைத் தொடவில்லை. தொடாததால்தான் அதில் ஒரு கீறலும் இல்லை, தொடாததால்தான் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடிந்தது. அழத்தான் தோன்றியது. இப்போது அழுதால் வெளியே அவர்கள் குழியை மூடிவிடுவார்கள். கேமராவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வெளியே வந்தாள்.

பாடை கிளம்பியிருந்தது. மரவள்ளிக் காட்டின் ஓரத்தில், அவர்கள் சொந்த நிலத்தில்தான் குழி. பெண்கள் காட்டு வரப்போடு நின்றுவிட வேண்டும். சங்கீதா நிற்கவில்லை. அத்தாயி கையைப் பிடித்து இழுத்தாள். கையை உதறிவிட்டு, சேற்றில் கால் புதையப் புதைய நடந்தாள். தூறல் பிடித்திருந்தது. ஆண்கள் திரும்பிப் பார்த்து வழிவிட்டார்கள்.

குழந்தைசாமியைக் குழியில் இறக்கியாயிற்று. காளியண்ணன் அவளைப் பார்த்ததும், கேமராவைக் கொண்டுவந்துவிட்டாள் என்று நினைத்துக் கையை நீட்டினார்.

"குடு சாமி. வெச்சர்லாம்."

"மொதல்ல நீங்க இதப் பாருங்க மாமா. அப்பறம் வெக்கறதா வேண்டாமான்னு நீங்களே சொல்லுங்க."

அவள் முந்தானையைக் கேமராவுக்குக் குடைபோலப் பிடித்து, ஒவ்வொரு படமாக நகர்த்தினாள். கிழவருக்குக் கிட்டத்தில் இருப்பது சரியாகத் தெரியாது. ஆறாவது படத்தில் ஓம்பிரகாஷின் முகத்தைத் திரை முழுக்கப் பெரிதாக்கிக் காட்டினாள். எண்பது வயசுக் கண்ணுக்கும் அது தெரிந்தது. பல்லுகூடத் தெரிந்தது. பக்கத்தில் நின்ற இரண்டு மூன்று பேர் எட்டிப் பார்த்தார்கள். அப்புறம் எல்லோரும் பார்த்தார்கள்.

காளியண்ணன் நிமிர்ந்து ஓம்பிரகாஷைப் பார்த்தார்.

"ஏனுங்க, நீங்க சோளக்காட்டுல இருந்தேன்னுதான சொன்னீங்க?"

ஓம்பிரகாஷ் வாயைத் துடைத்துக்கொண்டார். "அது வந்துங்க பெரியவரே... நல்ல மழைங்க அப்ப. வேன்ல இருந்தவங்களுக்கு ஒண்ணுமே தெரியலீங்க."

"அவரும் அதே மழைலதானுங்க நின்னாரு" என்றாள் சங்கீதா. "அவருக்கு எல்லாமே தெரிஞ்சிருக்குது."

காளியண்ணன் தன் வலது கையையே பார்த்துக்கொண்டு நின்றார். நேற்று கையெழுத்துப் போட்ட கை. கேமரா குழிக்குள் போக வேண்டியதில்லை என்றார். நாளைக்குக் காலையில் முதல் பஸ்ஸுக்குக் கிளம்பு, ஸ்டேஷனுக்கு நானும் வாரேன், நான் போட்ட கையெழுத்தை நானே இல்லையென்று சொல்கிறேன் என்றார். அவ்வளவுதான். சத்தம் போடவில்லை, யாரையும் போடவும் விடவில்லை. முன்னால் பாய்ந்த இரண்டு பேரைக் கண்ணாலேயே நிறுத்தினார். பொணத்துக்கு முன்னால் கைகலப்பு கூடாது.

மண் தள்ள ஆரம்பித்தார்கள். பங்காளிகள் முதலில், பிறகு மாமன் மச்சான்கள், பிறகு ஊர். ஒவ்வொருத்தராகக் குனிந்து மூன்று பிடி மண் அள்ளிப் போட்டுவிட்டு ஒதுங்கினார்கள். ஓம்பிரகாஷ் போயிருக்கலாம். கறுப்புச் சட்டைக்காரர்கள் நான்கு பேரும் நழுவிவிட்டார்கள். அவர் மட்டும், இப்போது கிளம்பினால் ஒப்புக்கொண்டதாகிவிடும் என்று நினைத்தாரோ என்னவோ, வரிசையில் நின்றார். முறை வந்தபோது குனிந்து ஒரு பிடி அள்ளினார்.

காளியண்ணன் அவர் மணிக்கட்டைப் பிடித்தார். பலமாகப் பிடிக்கவில்லை, குழந்தை கையைப் பிடிக்கிற மாதிரிதான். மூடியிருந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தார். ஈர மண்ணை, தோண்டிப் போட்ட குவியலின் மேலேயே தட்டிவிட்டார். உள்ளங்கையில் ஒட்டியிருந்ததையும் விரலிடுக்கில் இருந்ததையும் தோள் துண்டால் துடைத்தெடுத்தார். கையைத் திருப்பிப் பார்த்து, நகக்கண்ணில் இருந்ததையும் துடைத்தார்.

பிறகு துண்டைக் குவியலின் மேல் உதறித் தோளில் போட்டுக்கொண்டு, ஓம்பிரகாஷுக்குப் பின்னால் நின்றவரை வரச் சொல்லித் தலையசைத்தார்.