ஒரு சொட்டு கூடுதல்

என் கை தாராளக் கை. வீட்டில் சமையல் என் கணவர்தான். உப்பு டப்பாவை எனக்கு எட்டாமல் மேல்தட்டில் வைத்திருப்பார். ஆய்வுக்கூடத்தில் அப்படிக் காவலுக்கு ஆள் இல்லை.

அங்கே எனக்கு பாக்டீரியாவோடு மல்லுக்கட்டு. ஒரு பாக்டீரியா பிரியும் முன் அதன் நடுவில் ஒரு புரதம் இழை இழையாகக் கூடி வளையமாகும். நாடாவை இழுத்தால் பையின் வாய் சுருங்குகிறதே, அப்படி வளையம் சுருங்கினால் ஒன்று இரண்டாகும். அந்தப் புரதத்தோடு ஒளிரும் துணுக்கு ஒன்றைச் சேர்த்து, வளையத்தைக் கண்ணால் பார்க்க மூன்று மாதமாகப் பாடுபட்டேன். ஒளிரும் புரதம் உருவாக, சர்க்கரைக் கரைசல் சில சொட்டு விட வேண்டும்.

வளையம் வந்தபாடில்லை. பாக்டீரியாக்கள் பிரியாமல் நீண்டுகொண்டே போயின. நிமிஷம் தவறாதவர் என்பதால் 'கடிகாரம்' என்று நாங்கள் பெயர் வைத்த ஆய்வுக்கூடத் தலைவி நேற்று சொல்லிவிட்டார்: "நாளைக்கு நாலு மணி வரைக்கும் பாரு. வரலைன்னா மூடிட்டு வேற வேலைய எடு." எனக்கு அழுகையே வந்துவிட்டது.

காலையில் சாப்பிடும்போது கணவரிடம் புலம்பினேன்.

"சர்க்கரை எவ்வளவு விடணும்?" என்றார்.

"ரெண்டு சொட்டுங்க. நல்லா ஒளிரட்டும்னு நான் நாலஞ்சு விடுவேன்."

அவர் என்னைப் பார்த்தார். பிறகு மேல்தட்டைப் பார்த்தார்.

எனக்குச் சுருக்கென்றது. புரதம் அளவுக்கு மீறிக் குவிந்தால் இழைகள் எப்படி ஒழுங்காகக் கூடும்? பாதிச் சாப்பாட்டில் எழுந்து ஓடினேன்.

இடது கையால் வலது கையைப் பிடித்துக்கொண்டு, எண்ணி இரண்டே சொட்டு விட்டேன். மூன்றரை மணிக்கு நுண்ணோக்கி அறை. இருட்டிலேயே உட்கார்ந்திருப்பதால் 'ஆந்தை' என்று பெயர் வாங்கிய அண்ணன் திரையைத் திருப்பினார். ஒவ்வொரு பாக்டீரியாவின் நடுவிலும் மெல்லிய பச்சைக் கோடு.

"என்னண்ணே, கோடா இருக்கு?"

"உன் வளையந்தாம்மா. பக்கத்துல இருந்து பார்த்தா கோடாத்தான் தெரியும்."

பார்த்துக்கொண்டே இருந்தோம். ஒரு கோடு குறுகிப் புள்ளியாகி, பாக்டீரியா இரண்டானது. இருட்டில் குதித்ததில் நாற்காலி கவிழ்ந்தது. நாலு மணிக்கு வந்த கடிகாரம் ஐந்தரை வரை திரையை விட்டு எழவே இல்லை.

வீட்டில் விஷயத்தைக் கேட்டதும் கணவர் உப்பு டப்பாவை இறக்கி என் கையில் கொடுத்தார். "இன்னிக்கு நீயே போடு."

ஆசையாகப் போட்டேன். அவர் ஒரு வாய் சாப்பிட்டு, முகம் மாறாமல் விழுங்கி, இரண்டு டம்ளர் தண்ணீர் குடித்தார்.

"வளையம் வந்துருச்சுல்ல, அது போதும்," என்றார்.