சோதனைப் படம்

காலை ஆறு மணிக்கு வந்தவள் மதியம் இரண்டு மணிக்கு வீட்டுக்குப் போயிருக்க வேண்டும். போகவில்லை. அடுத்த ஷிஃப்டுக்கு வரவேண்டிய பெண்ணுக்குக் காய்ச்சலாம். "இன்னைக்கு மட்டும் பாத்துக்கோங்கக்கா" என்று போனில் இழுத்தாள். இந்த மாதத்தில் இது நான்காவது 'இன்னைக்கு மட்டும்'. முடியாது என்று சொல்ல வாயெடுத்தவள் சரி என்று சொல்லிவிட்டாள். அவள் ராசி அப்படி. அந்த ஆஸ்பத்திரியில் அவளுக்குப் பேரே ஸ்கேன் அக்காதான். அவளைவிடப் பத்து வயது மூத்த நரம்பு டாக்டர்கூட அக்கா என்றுதான் கூப்பிடுவார்.

வீட்டில் கணவர் இருக்கிறார். பஸ் ஓட்டிக்கொண்டிருந்த மனிதர். மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு காலையில் பல் தேய்க்கும்போது வாய் கோணியது, கை தொங்கியது. இதே ஆஸ்பத்திரி, இதே ஸ்கேன் மெஷின், படம் எடுத்ததும் இவளே. மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் அடைத்திருப்பது இவள் கண்ணுக்கே தெரிந்தது. ஆனால் டெக்னீஷியன் கண்ணை நம்பி யார் ஊசி போடுவார்கள்? படம் பார்த்துச் சொல்லவேண்டிய டாக்டர் அன்றைக்கு வேறு ஆஸ்பத்திரியில் இருந்தார். படம் கம்ப்யூட்டரில் வரிசையில் கிடந்தது. நாலு மணி நேரம். அடைப்பைக் கரைக்கும் ஊசிக்கு நேரம் தாண்டிவிட்டது. வலது கையும் பேச்சும் அதோடு சரி.

அதற்கு ஒன்றரை வருஷம் கழித்து இந்தச் செயற்கை நுண்ணறிவு வந்து சேர்ந்தது. கீழே ஸ்கேன் அறையில் அதற்கு வைத்த பெயர் மூளைக்காரன். படம் மெஷினை விட்டு வெளியே வந்த இரண்டே நிமிஷத்தில், எந்தக் குழாய் எங்கே அடைத்திருக்கிறது என்று கண்டுபிடித்து நேராக நரம்பு டாக்டர் போனை அடிக்கும். டாக்டர் படத்தைப் போனிலேயே பார்த்து ஊசிக்கு உத்தரவு கொடுத்துவிடுவார். முன்பு ஒரு மணி நேரம் இழுத்த வேலை இப்போது பத்து நிமிஷம். எத்தனையோ பேர் தங்கள் காலால் நடந்து வீட்டுக்குப் போயிருக்கிறார்கள். ஸ்கேன் அக்காவுக்குச் சந்தோஷம்தான். வயிற்றெரிச்சலும்தான். இல்லையென்று சொன்னால் அது பொய்.

மூளைக்காரன் சரியாக வேலை செய்கிறானா என்று பார்க்க, தினமும் மதியம் இரண்டு மணிக்கு ஒரு பழைய படத்தை அதற்குள் அனுப்பவேண்டும். அடைப்பு தெளிவாகத் தெரிகிற படம் ஒன்று வேண்டும் என்று எஞ்சினியர் கேட்டபோது அவள் தன் கணவருடைய படத்தை எடுத்துக் கொடுத்தாள். பேர் இருக்காது, நம்பர் மட்டும்தான், அதனால் யாருக்கும் தெரியாது. ஏன் அதைக் கொடுத்தாய் என்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரியாது. அந்தப் படத்தை யாராவது உடனே பார்க்கவேண்டும் என்று தோன்றியிருக்கலாம்.

பார்த்தார்கள். முதல் வாரம் டாக்டர் பதறிப்போய்ப் பார்த்தார். பிறகு, இரண்டு மணிக்கு வருவது சோதனைதானே என்று கட்டைவிரலால் தள்ளிவிடப் பழகிக்கொண்டார். பழகப் பழகப் பாலும் புளிக்கும் அல்லவா.

அன்றைக்கு இரண்டு மணிக்கு அவள் சோதனைப் படத்தை அனுப்ப உட்கார்ந்த நேரத்தில் தள்ளுவண்டி உள்ளே வந்தது. ஐம்பது வயதுத் தச்சர் ஒருவர், சட்டையெல்லாம் மரத்தூள். கூடவே அவர் மனைவி. ஒரு மணிக்குக் கை கழுவிவிட்டு வந்தவர் அப்படியே சரிந்தாராம்.

"வலது பக்கம் விழுந்துடுச்சுக்கா. பேச்சும் இல்ல" என்றார் அவசரப் பிரிவு டாக்டர்.

சோதனையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டுப் படம் எடுத்தாள். இரண்டு மணி ஒன்பது நிமிஷத்துக்கு மூளைக்காரன் சொல்லிவிட்டான்: இடது பக்கம், பெரிய குழாயில் அடைப்பு. செய்தி மேலே போய்விட்டது.

"போயிடுச்சில்ல? சார் கூப்பிடுவார்" என்று சொல்லிவிட்டு அவசரப் பிரிவு டாக்டர் விபத்துக் கேஸைப் பார்க்க ஓடினார். அவளும் உட்கார்ந்துவிட்டாள். முந்தியெல்லாம் படம் வந்ததும் அவளே பத்துத் தடவை போன் போட்டு உயிரை எடுப்பாள். மூளைக்காரன் வந்த பிறகு கீழேயிருந்து யாரும் மேலே போன் போடுவதில்லை. அதுதான் சொல்லிவிடுகிறதே, நமக்கென்ன வேலை என்று எல்லோருக்கும் ஒரு நினைப்பு. கால் வேறு விண்விண் என்று வலித்தது. ஒரு நிமிஷம் கண்ணை மூடினால் தேவலை என்று இருந்தது.

"ஏம்மா, யாரும் வரலியே" என்று தச்சர் மனைவி வாசலில் வந்து நின்றாள்.

ஸ்கேன் அக்கா கடிகாரத்தைப் பார்த்தாள். இரண்டே கால். வழக்கமாக இரண்டாவது நிமிஷமே போன் வந்துவிடும். அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. இன்றைய சோதனை போகவே இல்லை. டாக்டர் இதைத்தான் அதுவென்று நினைத்திருப்பார். போன் போட்டாள், எடுக்கவில்லை. லிஃப்டுக்குக் காத்திருக்காமல் வீங்கிய காலோடு இரண்டு மாடி ஏறினாள்.

டாக்டர் ஒரு நோயாளியின் முழங்காலைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சார், இப்ப வந்த படத்தப் பாத்தீங்களா?"

"டெஸ்ட் தானக்கா? தள்ளிட்டேன்."

"டெஸ்ட் நான் இன்னும் அனுப்பவே இல்ல சார். அந்த ஆளு கீழ படுத்திருக்காரு."

டாக்டர் முகத்தில் ஈயாடவில்லை. படியில் இறங்கிக்கொண்டே படத்தைத் திறந்தார், இறங்கி முடிப்பதற்குள் ஊசிக்குச் சொல்லிவிட்டார். அப்போது மணி இரண்டு பதினெட்டு. ஊசி ஏறியது. அதற்குப் பிறகு தொடை வழியாக மெல்லிய கம்பி விட்டு அடைப்பை உருவி எடுத்தார்கள்.

"என் தப்புக்கா" என்றார் டாக்டர் பிற்பாடு.

"நம்ம தப்பு சார். தினமும் புலி வருது புலி வருதுன்னு கத்துனது நான்தான?"

சோதனைச் செய்தி இனிமேல் டாக்டர் போனுக்குப் போகாதபடி எஞ்சினியரைக் கூப்பிட்டு அன்றைக்கே மாற்றினார்கள். நிஜமான படம் என்றால் யாராவது ஒருவர் போனும் போட்டாக வேண்டும் என்று முடிவாயிற்று.

சாயங்காலம் ஆறு மணிக்குத் தச்சரின் மனைவி ஸ்கேன் அறையைத் தேடிக்கொண்டு வந்தாள். அழுது ஓய்ந்த முகம்.

"கை அசையுதும்மா. தண்ணி கேட்டாரு. மெஷின் உடனே சொல்லிடுச்சாமே. நீங்கள்லாம் நல்லா இருக்கணும்."

நன்றியை வாங்கிக்கொண்டு பேசாமல் இருந்திருக்கலாம். முடியவில்லை.

"மெஷின் உடனே சொல்லிச்சும்மா. நாங்கதான் பாக்கல. ஒம்பது நிமிஷம் எங்களால போச்சு."

திட்டட்டும் என்று நின்றாள்.

"எல்லாம் பேசுறாரு" என்றாள் தச்சர் மனைவி. "என் பேரு மட்டும் வரமாட்டேங்குது. உளியக் காட்டுனா உளின்னு சொல்றாரு. என்னக் காட்டுனா முழிக்கிறாரு. அந்த ஒம்பது நிமிஷத்துலதான் போச்சா?"

"தெரியலம்மா. சத்தியமா எனக்குத் தெரியல. அவருக்கு வந்துரும்னுதான் நினைக்கிறேன். பாதிப் பேருக்கு மேல திரும்பிடும்."

"வரலைன்னா?"

ஸ்கேன் அக்கா நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டாள். தானும் உட்கார்ந்தாள்.

"என் வீட்டுக்காரருக்கும் இதேதாம்மா. மூணு வருஷமாச்சு. அவருக்கு வர்றது ஒரே ஒரு சத்தம்தான். அத வச்சுத்தான் என்னையும் கூப்பிடுவாரு. பேரச் சொன்னாத்தான் திரும்புவேன்னு நான் பிடிவாதமா இருந்தேன். பயிற்சியாமே, யாரோ சொன்னாங்க. காது கேக்காத மாதிரி வேலையப் பாத்துக்கிட்டே இருப்பேன். நாலு மாசம் கூப்பிட்டுப் பாத்தாரு. அப்புறம் கூப்பிடுறதையே விட்டுட்டாரு. நீங்க, அவரு எப்படிக் கூப்பிட்டாலும் திரும்பிடுங்கம்மா."