இரண்டு வால்வுகளையும் மூடியவர்

1

இந்தக் கதை எரிச்சலில் பிறந்தது. "சூடு காட்டினா எதுவும் வழிக்கு வரும்" என்று ஒரு மேலாளர் மேடையில் முழங்க, அரங்கமே கைதட்டியது. வீட்டுக்கு வந்ததும் அவரைத் தூக்கி ஒரு பிசின் ஆலைக்குள் போட்டேன்.

முதல் வரி: 'பனி மூடிய அந்தக் காலையில், குழாய்க்குள் பிசின் உறைந்த கண்ணீரைப் போல...'

சீ. பிசின் பிசினைப் போலத்தான் இருக்கும்.

2

நடந்தது இதுதான். குளிரில் பிசின் கெட்டியாகிக் குழாயில் நின்றுவிட்டது. உற்பத்தி மேலாளர் (ஆட்கள் வைத்த பெயர் 'கொதிகலன்') குழாயின் இரு முனை வால்வுகளையும் மூடச் சொல்லி, மின்சூடேற்றியை முழுதாகத் திருப்பினார். மூடினால் சூடு வெளியே போகாதாம். மூளையையும் அப்படித்தான் பத்திரப்படுத்தியிருந்தார் போலும்.

ஆய்வகத்திலிருந்து அவருடைய கொழுந்தியாள் ஓடி வந்தாள். (சிபாரிசு என்று முணுமுணுக்காதீர்கள். அவருக்கு முன்பே அங்கே சேர்ந்தவள்.)

"அத்தான், ஒரு வால்வையாவது திறங்க!"

"சூடு பண்ணினா இளகும்மா. சின்னப் புள்ளைக்கும் தெரியும்."

"சூட்டுல அது விரியணும் அத்தான். விரிஞ்சாத்தான் மூலக்கூறுகளுக்கு நடுவுல காலியிடம் கூடும், ஒண்ணை ஒண்ணு தாண்டி நகரும். நீங்க விரியவே விடலையே! இப்படி அடைச்சு வச்சா சரியா இளகாது, அழுத்தம்தான் ஏறும். வெடிச்சிரும்."

"பாடம் நடத்தாத. இது ஆலை."

(பாகுத்தன்மை பற்றி இதற்கு மேல் நான் விளக்கப்போவதில்லை. உங்களுக்குப் புரிந்துவிட்டது, அவருக்குப் புரியவில்லை. உங்களுக்கும் அவருக்கும் உள்ள வித்தியாசம் அவ்வளவுதான், காப்பாற்றிக்கொள்ளுங்கள்.)

அழுத்தமானியின் முள் சிவப்பைத் தொட்டது. குழாய் இணைப்பை ஒட்டி மெக்கானிக் நின்றிருந்தார்.

"தள்ளிப் போங்கண்ணே!"

சூடேற்றியை அணைத்துவிட்டு, தொட்டிப் பக்க வால்வை அவளே மெல்லத் திறந்தாள். பிசின் சீறிக்கொண்டு தொட்டிக்குள் விழுந்தது. பிறகு மறுமுனை வால்வையும் திறந்ததும் ஒழுங்காக ஓடியது.

கொதிகலன் கைகளை விரித்தார். "பாத்தீங்களா? சூடு!"

3

வேறு முடிவுகளும் யோசித்தேன்.

குழாய் வெடிக்கிறது, மேலாளர் திருந்துகிறார். ஒரு மேலாளர் திருந்த ஒரு மெக்கானிக் சாக வேண்டுமா? வேண்டாம்.

நிர்வாகம் அவளை அழைத்து, மனமாரப் பாராட்டி... [சிரிப்பு வந்துவிட்டது. விட்டுவிடுகிறேன்.]

நிர்வாகம் பாராட்டியது அவரை. உத்தரவை மீறி வால்வைத் தொட்டதற்கு அவளிடம் விளக்கம் கேட்டது. அக்காள் போனில் பொரிந்தாள்: "எல்லார் முன்னாடியும் அவர் மானத்த வாங்கிட்டியேடி. ஞாயித்துக்கிழமை வந்து மன்னிப்புக் கேளு."

4

தங்கை வந்தாள். சாப்பாட்டு மேசையில் அத்தான், பதக்கம் குத்தக் காத்திருப்பவர்போல நெஞ்சை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தார்.

"மன்னிச்சுக்கங்க அத்தான். அடுத்த தடவை ரெண்டு வால்வையும் நல்லா மூடுங்க, நான் தொடமாட்டேன். மெக்கானிக் அண்ணனை மட்டும் தள்ளி நிக்கச் சொல்லிடுறேன்."

"அப்ப நான்?"

அவள் சாப்பிடத் தொடங்கினாள்.

பரிமாற வந்த அக்காளின் கரண்டி அந்தரத்தில் நின்றது. கணவரை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு தங்கையைப் பார்த்தாள்.

கரண்டி யார் தட்டில் இறங்கியது என்று எழுதமாட்டேன். எழுதினால், 'குடும்பம்னா அப்படி இப்படித்தான்' என்று ஏப்பம் விட்டு எழுந்துவிடுவீர்கள். உங்கள் வீட்டு மேசையிலும் இப்படி ஒருவர் நெஞ்சை நிமிர்த்தி உட்கார்ந்திருப்பார். கரண்டியை நீங்களே பிடியுங்கள்.